எர்த் ராடு பாடம்

ஹுப்பள்ளியில் இருக்கும் சுமங்கலா அங்கடியிடம் நிபுணர் என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள், முகத்தைச் சுளிப்பாள். இத்தனை வருடமாக அவளுக்குச் சோறு போடுவது நிபுணர்கள்தான், அது வேறு கதை. விஷயம் தெரிந்தவர்களிடம் பேசி, அவர்கள் தலைக்குள் இருப்பதைக் கறந்து, போனில் பார்த்துப் படிக்கிற பாடமாக்கித் தரும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சராக இருந்தாள். அங்கே பிள்ளைகள் கேள்வி கேட்டே உயிரை எடுத்தார்கள். இங்கே இவள் ஒரு கேள்வி கேட்டால் பெரியவர்களுக்கு உயிர் போகிறது.

எந்த நிபுணர் வந்தாலும் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்த வேலையில் ஆட்கள் எங்கே தப்பு செய்கிறார்கள்? அந்தத் தப்பில்தான் பாடத்துக்கு உயிர் இருக்கிறது, மற்றதெல்லாம் பொம்மை வேலை என்பது அவள் கட்சி. நிபுணர்களுக்கு இது பிடிக்காது. எங்களிடம் தப்பே நடப்பதில்லை என்பார்கள். ஒரு மூட்டை ஸ்லைடை அனுப்பிவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போய்விடுவார்கள். பாடம் தயாரானதும் சரிபார்க்க அனுப்பினால், 'பார்த்துட்டேன், ரொம்ப நல்லா இருக்கு' என்று ஒரு வரி வரும். அவர் பாடத்தைத் திறந்தாரா இல்லையா என்பது சுமங்கலாவின் கணினியில் தெரிந்துவிடும். திறந்திருக்கவே மாட்டார். ஆனாலும் அந்த ஒரு வரி வந்துவிட்டால் பாடம் அவருடைய பொறுப்பு, அதுதான் தொழில் வழக்கம்.

போன வருடம் லைன்மேன்களுக்கு ஒரு பாடம் செய்யும் வேலை வந்தது. நிபுணராக வந்தவர் மின்வாரிய எஞ்சினியர் கவுஜலகி. பாடம் கலகலப்பாக இருக்க வேண்டும், பேண்ட் போட்ட ஒரு பல்பு வந்து ஆடட்டும் என்றார். கடைசியில் ஒரு கட்டம் வேண்டும், அதில் லைன்மேன் டிக் போட வேண்டும் என்றார். கட்டத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய வாசகத்தையும் அவரே எழுதிக் கொடுத்தார்: 'எல்லாம் புரிந்தது. இனி விபத்து நடந்தால் பொறுப்பு என்னுடையது.'

சுமங்கலா தன் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். கவுஜலகி யோசிக்கவே இல்லை. நிங்கப்பாவின் கதையைச் சொன்னார். முந்தைய மழைக்காலத்தில் கம்பத்தில் ஏறிச் செத்துப்போன லைன்மேன் அவர். சப் ஸ்டேஷனில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் ஏறினார். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டரைப் போட்டார்கள், அந்த மின்சாரம் கம்பி வழியாகத் திரும்பி வந்தது. கம்பியில் எர்த் ராடை மாட்டியிருந்தால் அந்த மின்சாரம் மண்ணுக்குள் இறங்கியிருக்கும். நிங்கப்பா மாட்டவில்லை. பழைய பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியும் மாட்டவில்லை, ஆகவே கவனக்குறைவு அவருடையதே என்று விசாரணையில் எழுதினார்கள். அவர் மனைவிக்குக் கருணை அடிப்படையில் கிடைக்க வேண்டிய வேலையும் அதோடு போயிற்று. நல்ல உதாரணம், இதையே பாடத்தில் வையுங்கள் என்றார் கவுஜலகி.

ராடை மாட்டுவதைப் படம் பிடிக்க சுமங்கலா செக்‌ஷன் ஆபீசுக்குப் போனாள். நிங்கப்பாவோடு வேலை பார்த்த யமனப்பா அங்கே மிர்ச்சி பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். பாடத்தையும் கடைசியில் போட வேண்டிய டிக்கையும் பற்றிச் சொல்லி, ராடைக் கொஞ்சம் காட்டுங்கள் என்றாள்.

"ராடா? போட்டோவுல நானும் பார்த்திருக்கேன் தாயி. நல்லா நீளமா, மஞ்சக் கலர்ல இருக்கும்."

லைன்மேன்களின் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கயிறு கிடந்தது, ஏணி கிடந்தது, கட்டிங் பிளேயர் கிடந்தது. அந்த வட்டாரம் முழுவதற்கும் இருப்பது ஒரே ராடு என்றார் யமனப்பா. அதுவும் ஸ்டோரில் பூட்டிக் கிடக்கிறது, மேலதிகாரி சோதனைக்கு வந்தால் வெளியே வரும், அவர் போனதும் உள்ளே போகும். அன்றைக்கு நிங்கப்பாவின் வண்டியிலும் அது இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் நடந்திருக்கிறது. செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டான் என்ற தைரியம்.

"சாகறதுன்னா உன் பாடம் இல்லாமலே செத்துப்போவோம்," என்றார் யமனப்பா. "நாளைக்கு நான் விழுந்தாலும் நீ போட வைக்கிற டிக்கை எடுத்து என் பொண்டாட்டிகிட்ட காட்டுவாங்க. அதை மட்டும் பண்ணாத தாயி."

சுமங்கலா ஆட்டோவில் வரும்போதே கவுஜலகிக்குப் போன் போட்டாள்.

"ராடு ஆர்டர் போட்டாச்சும்மா, வரும். நீ பாடத்தை முடி."

"வர்ற வரைக்கும் என்ன சார் பண்ணுவாங்க?"

"ஜாக்கிரதையா ஏறுவாங்க."

ஜாக்கிரதையாக ஏறுவார்களாம். ஏறுகிறவன் அவர் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இந்த வார்த்தை வாயில் வருமா? ஒரு ராடை வாங்கித் தர வக்கில்லை, அதை எப்படி மாட்டுவது என்று சொல்லித்தர ஆடும் பல்பு வேண்டும். இதற்குப் பெயர் பாடமா? ஆளைக் கொன்றுவிட்டு, தானே செத்தான் என்று அவனிடமே முன்கூட்டி எழுதி வாங்கிக்கொள்கிற வேலை. அதைச் செய்யத் தன் கை வேண்டுமாம். அன்று அவள் ரொட்டியைப் பிய்த்தாளே தவிர வாயில் வைக்கவில்லை.

மறுநாள் பாடத்தைத் திருப்பிப் போட்டாள். பல்பு இருந்தது, பேண்ட்டோடு ஆடியது. கவுஜலகி கேட்ட பொறுப்புக் கட்டமும் இருந்தது, ஆனால் கடைசியிலிருந்து முதல் திரைக்கு வந்துவிட்டது. அங்கே ஒரே கேள்வி: எர்த் ராடு இப்போது உன் வண்டியில் இருக்கிறதா? இல்லை என்று அமுக்கினால், 'அப்படியானால் ஏறாதே. ராடு வந்த பிறகு பாடத்தைத் தொடரலாம்' என்று சொல்லிப் பாடம் நின்றுவிடும். ஆம் என்றால், ராடைக் கொடுத்த எஞ்சினியர் தன் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும்.

அவள் எதையும் ஒளிக்கவில்லை. முதல் திரையை மாற்றியிருக்கிறேன், அதையாவது திறந்து பாருங்கள் சார் என்று எழுதித்தான் அனுப்பினாள். வழக்கம்போலப் பதில் வந்தது: 'பார்த்துட்டேன், ரொம்ப நல்லா இருக்கு.' கணினியில் பார்த்தாள். வழக்கம்போல அவர் திறக்கவில்லை. அந்த ஒரு வரி அவளுக்கு எரிச்சல் தராதது அதுவே முதல் தடவை. பாடம் லைன்மேன்களின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது.

சில வாரம் கழித்து தார்வாடில் கூட்டம். பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார், மேஜையில் பேடா வைத்திருந்தார்கள். ஒரு லைன்மேன்கூடப் பாடத்தை முடிக்கவில்லையே, ஏன் என்று அவர் கேட்டார். கவுஜலகி சுமங்கலாவைக் கைகாட்டினார். பாடத்தில் சுவாரசியம் போதவில்லை என்றார்.

சுமங்கலா எழுந்து பாடத்தைப் பெரிய திரையில் போட்டாள். கேள்வி வந்து நின்றது. அதிகாரி அதை மெதுவாக வாசித்தார். கவுஜலகி திரையை நிமிர்ந்து பார்த்தார். இதை நான் பார்க்கவே இல்லையே என்று வாய்விட்டவர், தான் எழுதி அனுப்பிய வரி நினைவுக்கு வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ஆமான்னு அமுக்கும்மா, மேல போகட்டும்," என்றார் அதிகாரி.

அமுக்கினாள். ராடு கொடுத்த எஞ்சினியரின் பெயரைத் திரை கேட்டது.

"யார் பேரை போடட்டும் சார்?"

கவுஜலகி பேடா தட்டைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த எஞ்சினியர்கள் போனைப் பார்த்தார்கள். ராடு வரவில்லை என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அதிகாரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், ஒருவரும் நிமிரவில்லை. போகட்டும், இதை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குத் தாவப் பார்த்தார்.

சுமங்கலா உட்காரவில்லை.

"ராடு இல்லேன்னு தெரிஞ்சதும் இங்க ஒருத்தருக்கும் பேரு போடத் தைரியம் வரல. நிங்கப்பா பேரை மட்டும் எப்படி சார் போட்டீங்க?"