மாத்திரைக்கு மேல் ஒரு டம்ளர்

கம்பவுண்டர் வேலை என்றால் ஊரான் வயிற்றோடு தினமும் மல்லுக்கட்டுவது. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாக இருந்த திரு-கொச்சி காலத்தில் பழவங்காடிப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் நான் பட்ட பாடு, கவுண்டருக்கு உள்ளே நின்றவர்களுக்குத்தான் புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பரிதாபமாவது படுங்கள்.

வீட்டுக் குப்பி

அப்போதெல்லாம் கடையில் கலக்கிக் கொடுக்கும் மிக்ஸ்சர் மருந்து வாங்கக் குப்பி வீட்டிலிருந்துதான் வரவேண்டும். துணிக்கடை வைத்திருந்த நாஞ்சில்நாட்டுப் பிள்ளை ஒருவர் தூக்க மருந்துக்கு நீட்டிய குப்பியில் கப்பென்று பிராந்தி வாடை. அடியில் இரண்டு விரற்கடை சரக்கும் கிடந்தது. “மது மருந்தைச் சட்டென்று ரத்தத்துக்குள் இழுத்துவிடும், ரெண்டும் சேர்ந்தால் மூச்சையே அமுக்கும், கழுவிக் கொண்டுவாரும்” என்று தலையில் அடித்துக்கொண்டேன். பிள்ளை குப்பியை இன்னும் முன்னால் தள்ளினார்.

“என்னவே பேசுகீரு? ரெண்டும் ஒரே வயித்துக்குத்தானே போகுது. குப்பியிலேயே சேந்துட்டா எனக்கு ஒரு ஜோலி மிச்சம்லா!”

சொல் தவறாதவர்

விதுரைக்கு மேலே மலை எஸ்டேட்டில் ஒரு கங்காணி. வலிப்பு மாத்திரை கொடுத்து, “இதோடு சாராயம் கூடவே கூடாது” என்று மூன்று தடவை சொன்னேன். மறுபடி வந்தபோது நெற்றியில் பெரிய கட்டு. வலிப்பு வந்து கல்லில் விழுந்தாராம். “மாத்திரையை நிறுத்தினீரா?” என்று கத்தினேன்.

“நிறுத்துவேனாங்க? ஐயா சொன்னபடி, குடிக்கிற நாள்ல மட்டும் தொடுறதில்ல. விரதம் இருக்கிற அமாவாசைக்கு அமாவாசை மாத்திரையைத் தவறாம போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

ஆசாரக்காரர்

கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் ஒரு ஆபீஸ் கிளார்க் ஐயர். டாக்டர் தூக்க மாத்திரை எழுதியிருந்தார். “மதுப் பழக்கம் உண்டா?” என்று கேட்டுவிட்டேன். கடையே அதிர, “என்னைப் பாத்தா குடிகாரனாட்டமா இருக்கு ஓய்?” என்றார். நான் பயந்து, மன்னிப்புக் கேட்டு, வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

நாலாம் நாள் காலை அவர் மனைவி ஓடிவந்தாள். “எழுப்பினா எழுந்திருக்க மாட்டேங்கறார், மூச்சு விட்டு விட்டு வரதே!” டாக்டரோடு ஓடினோம். கட்டில் பக்கத்தில் என் மாத்திரை, அதற்குப் பக்கத்தில் பாதி காலியான ஆயுர்வேத அரிஷ்டக் குப்பி. அரிஷ்டம் புளிக்கப் புளிக்க அதிலேயே மது ஊறும் என்பது அவருக்குத் தெரியாது. அரிஷ்டம் கொடுத்த வைத்தியர் ஒரு அவுன்ஸ் என்றதை இவர் ஜீரணத்துக்காக டம்ளர் டம்ளராக விட்டிருக்கிறார், மாத்திரைக்கு மேலேயே.

இரண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றேன். கடவுளே, அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் கண் திறந்தார். வீட்டுக்குப் போனவர் அடுத்த வாரமே கடைக்கு வந்தார், மாத்திரைப் பொட்டலத்தை என் முன்னால் வீசினார்.

“உம்ம விஷத்தை நீரே வெச்சுக்கும்! ஏதோ அந்த அரிஷ்டம் உள்ள இருந்ததாலே நான் பிழைச்சேன்!”

அன்றிலிருந்து நான் யாரிடமும் குடிப்பதுண்டா என்று கேட்பதில்லை. என்னென்ன குடிக்கிறீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் திட்டு வாங்குகிறேன்.