கழுவாத முட்டை இருநூறு

என் சித்தப்பா ஒரு பாய்மரப் படகில் ஏறி நாட்டைவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் அதற்கு முன் கடலோடு சம்பந்தப்பட்டவர் யாரும் இல்லை. மாத்தளையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான்.

அப்போது எனக்குப் பத்து வயது. மாத்தளையை அடுத்த பலாபத்வலவில், பெரிய வீதியிலிருந்து சற்று உள்ளே குடியிருந்தோம். சித்தப்பா அப்பாவின் தம்பி. கலியாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். வீதியோரத்து வாசனைத் தோட்டமொன்றில் அவருக்கு வேலை. வருகிற வெளிநாட்டவர்களுக்குச் சாதிக்காயையும் கராம்பையும் முகரக் கொடுப்பார். தெரிந்த ஆங்கிலத்தில் நாலு வசனம் சொல்வார். கடைசியில் அவர்கள் முதுகில் எண்ணெய் தேய்த்துவிடுவார்.

அந்த வருடங்களில் சோதனைச் சாவடிகளில் பஸ்ஸை மறித்தால் முதலில் இறங்கவேண்டியவர்கள் தமிழர்களான நாங்கள்தான். சித்தப்பாவை இரண்டு தடவை சந்தேகத்தில் பிடித்துக் கொண்டுபோய் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். இரண்டாம் தடவைக்குப் பிறகு அவர் இடது கையால் சோற்றுக் கோப்பையைக்கூடத் தூக்குவதில்லை. ஏனென்று கேட்டேன். "மழை நேரம் வலிக்கும்டா" என்றார். மழை இல்லாத நாட்களிலும் தூக்கவில்லை. அலுமாரியில் துணிகளுக்கு அடியில் அவருடைய பாஸ்போர்ட் மூன்று வருடமாகச் சும்மா கிடந்தது.

அப்படியிருக்க, ஒரு வெள்ளைக்காரரும் மனைவியும் தோட்டத்துக்கு வந்தார்கள். அவர்களுடைய படகு காலித் துறைமுகத்தில் நின்றது. அங்கிருந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஓடி ஓமான், பிறகு செங்கடல், பிறகு ஐரோப்பா என்று போகப் போகிறார்களாம். வழிக்கு வேண்டிய சாப்பாட்டுச் சாமான்களைச் சேர்த்துத் தரமுடியுமா என்று சித்தப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள். சமைக்கவும் இரவில் முறைபோட்டு விழித்திருந்து படகைப் பார்த்துக்கொள்ளவும் இன்னோர் ஆளும் தேவையாம். சாமான் சொன்னபடி வந்து சேர்ந்தால் ஐரோப்பாவரை சித்தப்பாவையே கூட்டிப்போவதாகச் சொன்னாராம்.

பட்டியலைச் சித்தப்பா அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். புளிப்புக்குத் தேசிக்காய், பூசணிக்காய், பெரிய வெங்காயம், இஞ்சி, வாழைக்காய்க் குலை நாலு, கித்துள் மரத்துக் கருப்பட்டி, தேங்காய், நாட்டுக்கோழி முட்டை இருநூறு.

"ரெண்டு பேருக்கு இவ்வளவா? கலியாணமே பண்ணலாமே" என்றார் அம்மா.

"மூணு பேரு, அண்ணி."

அதைச் சொல்லும்போது சித்தப்பாவின் முகம் இருந்த மாதிரி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"காட்போட் பெட்டி ஒண்ணுகூட படகுக்குள்ள வரக்கூடாதாம். அதுல கரப்பான் முட்டை இருக்குமாம். காய், பழம் எல்லாத்தையும் நல்லா கழுவி காய வைக்கணும், அண்ணி. பூச்சி ஒண்ணு ஏறிச்சின்னா நடுக்கடல்ல எறக்கிவிட முடியாது."

"நம்ம வீட்டு சாமான்ல பூச்சியா? வரச் சொல்லுங்க அந்த தொரைய, நான் கேக்குறேன்."

"அவரு சாமான பாக்கல அண்ணி, என்னைய பாக்குறாரு. சொன்னத சொன்னபடி செய்யாதவன நம்பி படகுல தூங்க முடியாதுங்கிறாரு."

சனிக்கிழமை சித்தப்பாவும் நானும் வீடு வீடாகப் போய் முட்டை சேர்த்தோம். வழியில் அவர் என்னிடம் சொன்னார்: "இதுல மட்டும் தண்ணி படக்கூடாதுடா. முட்டை மேல கண்ணுக்கு தெரியாத பூச்சு ஒண்ணு இருக்கு. கழுவினா அது போயிரும். அப்புறம் அந்த சூட்டுல பத்து நாளு தாங்காது. கழுவாம களிம்பு தடவி வச்சா ஒரு மாசத்துக்கு மேல கெடக்குமாம்." நான் தலையாட்டினேன். கருப்பட்டி வாங்க அவர் மாத்தளை டவுனுக்குப் பஸ் ஏறினார். நான் கூடைகளை ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பைப்படியில் அம்மா காலையிலிருந்து கழுவிக்கொண்டிருந்தார். தேசிக்காய்கள் சாக்கில் காய்ந்தன. வாழைக்குலைகளில் தண்ணீர் வடிந்தது. கூடையைப் பார்த்ததும் அம்மா முகம் சுளித்தார்.

"என்னடா இது, கோழிப்பீயும் வைக்கோலுமா? இப்பிடியே குடுத்தா நாலு நாடு பாத்த மனுசன் நம்மள பத்தி என்ன நெனைப்பாரு? தும்ப எடு."

நான் வாயைத் திறந்தேன். பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தாலும் கையை உயர்த்தாத பிள்ளை நான். பெரியவர்கள் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இடையில் பேசி எனக்குப் பழக்கமில்லை. வாயை மூடிக்கொண்டேன். தேங்காய்த் தும்பை எடுத்துக் கொடுத்தேன். பிறகு நானும் உட்கார்ந்து கழுவினேன். இருநூறில் ஒன்றுகூட உடையவில்லை என்பதில் எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

பின்னேரம் சித்தப்பா வந்தார். சாக்கில் முட்டைகள் பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தன. கருப்பட்டிப் பையை இறக்காமலே நின்றார்.

"என்ன தம்பி, அழகா இருக்கில்ல?" என்றார் அம்மா.

சித்தப்பா என்னை ஒருமுறை பார்த்தார். அவர் அம்மாவிடம், "முட்டைய கழுவக்கூடாது அண்ணி. நான்தான் சொல்ல மறந்துட்டேன்" என்றார். பிறகு காரணத்தையும் சொன்னார்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊர்க் கோழிகள் இட்டதையெல்லாம் நாங்கள் வழித்து எடுத்தாயிற்று. மறுநாள் விடிய, அப்பா வேலைசெய்த மரக்கறி லொறியில் சாமான் போகவேண்டும்.

"உள்ளத சொல்லிருங்க தம்பி. நான் கழுவிட்டேன்னு சொல்லுங்க."

"சொன்னா சாமான எடுப்பாரு. என்னைய எடுக்கமாட்டாரு, அண்ணி."

பிறகு சித்தப்பா கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய், ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய எச்சமும் சேறும் அள்ளிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் உட்கார்ந்து, கழுவிய முட்டைகளை அழுக்காக்கினோம். அம்மா ஒரு விரலால் தொட்டுத் தொட்டு வைத்தார்.

"அண்ணி, பொட்டு வைக்கிற மாதிரி எல்லாத்துக்கும் நடுவுல வைக்காதீங்க. கோழிக்கு அவ்வளவு ஒழுங்கு கெடையாது."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அம்மாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தார். நான் வைக்கோல் துண்டுகளை ஒட்டினேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த நல்ல விளையாட்டு அதுதான். காய்ந்ததும் உமி போட்டு வாளிகளில் அடுக்கினோம்.

காலிவரை கூடப்போன அப்பா திரும்பிவந்து சொன்னார். வெள்ளைக்காரர் ஒவ்வொரு முட்டையாக எடுத்துப் பார்த்தாராம். பிறகு சித்தப்பாவின் தோளில் தட்டினாராம். படகு போகும்வரை அப்பா நின்று பார்த்திருக்கிறார். "தம்பி திரும்பிப் பாத்துக்கிட்டேதான் போனான்" என்றார்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு கடிதம் வந்தது. அவரிடமிருந்து வந்த கடிதம் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு அப்பா எங்கெங்கோ எழுதிப் போட்டார், பதில் இல்லை. கடிதம் சின்னது. அப்பா சத்தமாக வாசித்தார். "நான் ஓமானில் இறங்கிவிட்டேன். இங்கேயே வேலை தேடுகிறேன். துரை நல்லவர், அவர்மேல் பிழை இல்லை. முட்டை எல்லாம் கடைசிவரை நன்றாக இருந்தது என்று அண்ணியிடம் சொல்லவும்."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. முட்டையைக் கழுவக்கூடாதென்று சித்தப்பா என்னிடம் முன்பே சொல்லியிருந்தார் என்பது அம்மாவுக்குச் சாகும்வரை தெரியாது. நான் சொல்லவில்லை.

அன்றைக்கு அந்த வீட்டில் சந்தோஷப்பட்டவன் நான் ஒருவன்தான். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன். "முட்டை நல்லா இருந்திச்சாம்மா, அப்புறம் ஏன் அழுறீங்க?" என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். ஐரோப்பா போகவென்று ஏறியவர் ஏன் ஓமானில் இறங்கினார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.