இருபத்தெட்டு எம்எம் பழி

ஃபிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாறிய முதல் மாதமே நான் மரவள்ளிக் காட்டுக்குள் விழுந்தேன். எங்கள் பக்கத்து ஊர்த்தொகுதிகளில் ஒன்றான திண்ணனூர் நாட்டில் ஒரு கல்யாணம். வாசலில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் நிறுத்தி ஒரே படமாக எடுக்க வேண்டும். இருபது வருடமாக அதற்கு என்னிடம் இருந்தது ஒரு இருபத்தெட்டு எம்எம் லென்ஸ். எங்கள் மலையில் வாசல் என்பது சரிவில் வெட்டிய சின்ன இடம். பின்னால் போக வழியிருக்காது. அந்த லென்ஸ் இருந்தால் போகவும் வேண்டாம்.

புது கேமராவில் அது கச்சிதமாகப் பொருந்தியது. கண்ணை வைத்தால் வரிசையில் பாதிப் பேரைக் காணோம். ஒரு அடி பின்னால் போனேன். இன்னொரு அடி. மூன்றாவது அடிக்கு மலை இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் கூட்டி வந்த போட்டோகிராபர் அங்கே நின்றான். என்னைவிட இளையவன், அப்போது இன்னும் ஃபிலிம்தான். நான் ஏறி வருவதற்குள் கூட்டத்திடம் சொல்லிவிட்டான்: "இருங்க, அண்ணன் மொதல்ல கெழங்கப் புடுங்கிட்டு வரட்டுமுங்க."

அந்தப் பேச்சு அரியூர் நாடுவரை பஸ் ஏறிப் போனது. டீக்கடையில் என்னைப் பார்த்தால் இன்றைக்கு எத்தனை மூட்டை என்று கேட்டார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தினமும் ஒரு பள்ளத்தில் அவனைத் தள்ளினேன், மனதுக்குள்.

நாமக்கல் கேமராக் கடைக்காரர்தான் விளக்கினார். கேமராவுக்குள் ஃபிலிம் இருந்த இடத்தில் இப்போது இருக்கும் சென்சார் அதைவிடச் சின்னது. "லென்சு அதே தோசையத்தான் ஊத்துதுங்க. உங்க தட்டுதான் சின்னதாப் போச்சு." ஓரமெல்லாம் தட்டுக்கு வெளியே. கூட்டத்துக்கென்று இன்னும் அகலமாகப் பார்க்கும் பதினெட்டு எம்எம் ஒன்று வாங்கினேன். என்னிடமிருந்த பழைய ஐம்பது எம்எம் லென்ஸோ தூரத்து முகத்தைக் கிட்டே கொண்டுவந்தது. விசேஷ வீடுகளில் அதன் வழியாக அவனைப் பார்த்துக் கறுவினேன்.

இரண்டு வருடம் கழித்து அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் செய்வானா, படம் எடுப்பானா? படத்துக்கு அக்கா அவனுக்கே சொல்லிவிட்டாள். அவனும் அந்த வாரம்தான் பழைய கேமராவை லென்ஸோடு தள்ளிவிட்டு, என்னுடையதைப் போலவே ஒரு டிஜிட்டல் வாங்கியிருந்தான். நேராக என் வீட்டுக்கு வந்தான்.

"ஏனுங்கண்ணா, அந்த இருபத்தெட்டக் குடுங்க. வாசல்ல அத்தன பேரும் விழோணுமுல்ல."

பதினெட்டு அலமாரியில்தான் இருந்தது. நான் இருபத்தெட்டை எடுத்து, துணியால் துடைத்து, மூடி போட்டுக் கொடுத்தேன். "பாத்துக் கண்ணு, பழைய சாமான்." அவ்வளவு பாசமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

கல்யாணத்தன்று எல்லோரும் வரிசை கட்டினோம். எங்கள் வழக்கப்படி பெண்ணின் தாய்மாமன் ஒரு கடைசியில், மாப்பிள்ளையின் தாய்மாமன் மறு கடைசியில், காவல் நிற்பது போல. அவன் கண்ணை வைத்தான். முகம் மாறியது. இரண்டடி பின்னால் போனான், கல்சுவர் தடுத்தது. அவன் விழ முடியாமல் போனது ஒன்றுதான் எனக்குக் குறை. நெருங்கி நில்லுங்கள் என்று கெஞ்சினான். மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிப்போகக் காத்திருந்த ஜீப்காரர் ஹாரன் அடித்தார். வேர்த்து வழிய அமுக்கினான். அவ்வளவு மனம் நிறைந்து நான் எந்தப் படத்துக்கும் சிரித்ததில்லை.

ஆல்பம் வந்தது. மாப்பிள்ளையின் மாமன் மூக்குவரை வந்திருந்தார். நான் வெறும் தோள்பட்டை. இருபது வருடம் கேமராவுக்குப் பின்னால் நின்றவன், படத்தில் தானும் உண்டு என்பதையே மறந்திருந்தேன்.

அக்கா அவனைக் கூப்பிட்டு நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினாள். எல்லாம் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான்: "லென்சு அண்ணனோடதுங்க அக்கா."

அக்கா என்னிடம் திரும்பினாள். "ஏஞ்சாமி, உனக்கு இது முன்னாடியே தெரியாதா?"

தெரியாது என்றேன். அவன் என்னையே பார்த்தான். மரவள்ளிக் காட்டை நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

அக்கா மகள் இன்றும் அந்தப் படத்தில் என் தோளைத் தொட்டு, இதுதான் எங்கள் மாமன் என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறாள். வலிக்கத்தான் செய்கிறது. லென்ஸைக் கொடுத்ததற்கு இன்றுவரை வருந்தவில்லை. வழக்கத்தை மீறி இரண்டு ஆள் உள்ளே தள்ளி நின்றிருக்க வேண்டும், அவ்வளவுதான்.