சுடலைமுத்து அண்ணாச்சியும் நாம் கொடுத்த மனுவும்

சுடலைமுத்து அண்ணாச்சி இறந்த செய்தி நம் தெரு வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்குக் கிடைத்தது. தென்காசிச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். வீடு வந்து சேர்வதற்குள் அடுக்கடுக்காகக் கும்பிடும் கைகளைப் போட்டிருந்தீர்கள். ‘நேற்று இயற்கை எய்தினார்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நேற்று அல்ல, அதற்கும் முந்தின நாள். பால் பாக்கெட் எடுக்காமல் கிடந்ததைப் பார்த்துப் பால்காரர்தான் கதவைத் தட்டியிருக்கிறார். நான் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் என்பதால், இரங்கல் கூட்டத்தில் வாசிக்க நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். இதில் நல்லதெல்லாம் அவரைப் பற்றி மட்டும்தான்.

சிவகிரிப் பக்கம் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குற்றாலம் சாலையை ஒட்டிய நம் தெரு வயலாகக் கிடந்தபோதே வீடு கட்டி வந்துவிட்டார். மனைவி போன பிறகு, ஒரு செஞ்சேவலும் பத்துப் பதினோரு பெட்டைகளுமாக இருந்தார். நான் குடிவந்த புதிதில் ஒருநாள் காம்பவுண்டுச் சுவரோரம் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். சேவல் எதையோ கொத்திப் போட்டுவிட்டுத் தாழ்ந்த குரலில் கொக்கரித்தது. பெட்டைகள் ஓடி வந்தன.

“பாத்தீரா, புழுவக் கண்டுபிடிச்சது அது. ஆனா வாயில வைக்கல. கூப்பிட்டுக் குடுத்துட்டுச் சும்மா நிக்கி. மேல வல்லூறு வந்தா ஒரு சத்தம், தரையில கீரி வந்தா வேற சத்தம். பெட்டைக அதக் கேட்டுத்தான் ஒளியும்.”

விடியுமுன்னே ஏன் கூவுகிறது என்று கேட்டேன். சிரித்தார். “நம்மள எழுப்புததுக்குன்னு நெனச்சீரா? இங்கன நான் இருக்கேன், இது என் கூட்டம்னு மத்த சேவலுக்குச் சொல்லுது. அடுத்த தெருச் சேவல் பதில் சொல்லும், கேட்டுப் பாரும்.” மறுநாள் படுத்தபடியே கேட்டேன். தூரத்திலிருந்து பதில் வந்தது. சில வாரம் அதை ரசிக்கவும் செய்தேன்.

அப்புறம் மாடியில் இரண்டு அறை கட்டினேன். சாரல் காலத்தில் அருவிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டேன். அவர்கள் போன பிறகு, சேவல் தூங்க விடவில்லை என்று இணையத்தில் எழுதிவைத்தார்கள். சங்கக் கூட்டத்தில் நான் இதைச் சொல்லவில்லை. பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்கிறார்கள், தூக்கம் கெடுகிறது என்றேன். உங்களில் பலருக்கு அந்தச் சேவலால் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. ஆனாலும் சேவலை அகற்றச் சொல்லிப் பேரூராட்சிக்கு நான் எழுதிய மனுவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டீர்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

பேரூராட்சி ஆள் வந்தபோது அண்ணாச்சி வாசலில் நின்றபடியே மனுவை முழுதும் படித்தார். மடித்து அவரிடமே கொடுத்தார். “சேவல அனுப்பிருதேன். பெட்டைக இருக்கட்டும், அதுக கூவாது” என்றார். அடுத்த நாளே கூடையில் வைத்து, பஸ்ஸில் வீரகேரளம்புதூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்.

சேவல் போன பிறகு பெட்டைகள் ஒன்றையொன்று கொத்தின. எது பெரியது என்று தீரவில்லை. அதட்டி விலக்க ஆள் இல்லை. வல்லூறு பட்டப்பகலில் ஒவ்வொன்றாகத் தூக்கியது. கிழட்டுப் பெட்டை ஒன்று கழுத்தை நீட்டி, சேவல் மாதிரிக் கூவிப் பார்த்தது. உடைந்த குரல். அதைப் படம்பிடித்து நம் குழுவில் போட்டுச் சிரித்தோம். மிஞ்சியதை அண்ணாச்சி யாருக்கோ கொடுத்துவிட்டார். அவர் இறந்தபோது அவை இருந்திருந்தால், தீனி போட ஆள் வராத முதல் நாளே கத்தி நம்மைக் கூட்டியிருக்கும்.

பெட்டைகள் போன பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு நின்ற அண்ணாச்சியை என் காரில் ஏற்றிக்கொண்டேன். சேவலைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். தங்கை வீட்டுத் தொழுவத்தில் ஏற்கெனவே ஒரு பெரிய சேவல் இருந்தது. நம் தெருச் சேவல் வேலியோரம் ஒதுங்கி நின்றது. கொண்டையில் காய்ந்த ரத்தம். பெரியது கூவியது. இது வாயைத் திறக்கவில்லை.

“கூவுதா?” என்று தங்கையிடம் கேட்டார்.

“வந்த நாள்ல இருந்து ஒரு சத்தம் இல்லண்ணே. அந்தப் பெருசு கூவ விட மாட்டேங்கு.”

அண்ணாச்சி கையிலிருந்த அரிசியை வேலிக்குள் போட்டார். பெரியது வந்து தின்றது. “வாரும், போவோம்” என்றார்.

வரும் வழியில் சுரண்டையில் டீ குடிக்க நிறுத்தினேன். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு அண்ணாச்சி சொன்னார்: “மனு நீருதான எழுதுனீரு? நல்லா எழுதியிருந்தீரு. புள்ளைக படிப்புன்னு போட்டிருந்தீருல்லா, அதான் நான் மறுபேச்சு பேசல. படிக்கிற புள்ளைகளுக்கு நம்மளால இடைஞ்சல் வரக் கூடாது.”

மாடி அறை வாடகைக்காகத்தான் அப்படி எழுதினேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. “டீ ஆறுது, குடிங்க அண்ணாச்சி” என்றேன்.

என்னை அவர் நம்பினார். எனக்கு மிஞ்சியிருப்பது அந்த நம்பிக்கை ஒன்றுதான். அதைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள இப்போது அவர் இல்லை.