படகில் வரைந்த முகம்

வங்கி வேலை முடிந்து ஆற்றைக் கடந்து ஹவுராவுக்குப் படகில் திரும்பும்போது எதிரில் இருப்பவர்களை வரைந்து பழகுவேன். ஒரு முகமும் அமையாது. மூக்கை அழிப்பேன், கண்ணை அழிப்பேன், அதற்குள் அவர்கள் திரும்பிவிடுவார்கள். எனக்கு வரையவே வராதோ என்று மனம் பதறும்.

அன்று எதிரே ஒரு பெண். இடது கன்னம் முழுக்கத் தீத்தழும்பு. அதை விட்டுவிட்டு வரைந்தேன். அதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

திடீரென்று அவர் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சண்டை வரப்போகிறதென்று பென்சிலைக் கீழே வைத்தேன். படத்தைப் பார்த்து, பெங்காலியில் அக்கா முறை வைத்துக் கேட்டார்: "யாரு தீதி இது?"

"நீங்கதான்."

"என் கன்னம் எங்கே? பார்க்குறவங்க எல்லாம் கண்ணைத் திருப்பிக்குறாங்க. படம் போடுற நீங்களுமா?"

அவரே எதிரில் போய், தழும்பில் வெளிச்சம் படும்படி அமர்ந்தார். "இப்ப பாருங்க."

பார்த்தேன். தழும்பு இழுத்ததில் கண்ணோரம் சற்றுத் தாழ்ந்திருந்தது. அதை வரைந்ததும் முகம் அவருடையதாயிற்று. படகு கரை சேர்ந்த பிறகும், நான் முடிக்கும்வரை அவர் எழவில்லை. "பொண்ணுக்குக் காட்டணும்" என்று படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

இன்றும் யாரை வரைய உட்கார்ந்தாலும், என் கண் விலகப் பார்க்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறேன். பதற்றம் மட்டும் இன்னும் போகவில்லை.