பேக்கப்புக்கு விளக்கம் சொன்னவன்

குரங்கணிக்கு மேலே கல்லும் புதருமாகக் கிடந்த சரிவில் ஏலத்தோட்டம் போட்டவன் நான். ஜீப்பு ஏறாது என்றார்கள். பாதை வெட்டி ஏற்றினேன். காய் உலர்த்த ஸ்டோர் கட்டினேன், போடியில் கடை வைத்தேன். படித்தது மூன்றாம் வகுப்பு.

இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். காயை ஏலம் விடுவது கம்ப்யூட்டருக்கு மாறி, வாயில் நுழையாத வார்த்தைகள் வந்தபோது, எங்கள் விவசாயிகள் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொன்றாகப் பேசி விளக்கியவனும் நான்தான். தெரியாத வார்த்தை என்றால் செல்போன் கடையில் போய் உட்கார்ந்துவிடுவேன். புரியாமல் எழுந்து வந்ததில்லை.

ஓடிபி: ஒரு தடவைதான் திறக்கும் சாவி, மாமனே கேட்டாலும் கொடுக்காதே.

ஸ்டார்ட்அப்: நாற்று நட்டுக் காய் பார்க்கும்வரை செலவு மட்டும் செய்துகொண்டிருப்பது.

பிராண்டு: மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே வாங்குகிறானே, அந்த நம்பிக்கை.

போன மாதம் சங்கத்தில் ஒரு சிறு புத்தகம் போட்டார்கள். அட்டையில் எங்கள் குழுவிலேயே இருக்கும் ஒரு பேராசிரியர் பெயர். உள்ளே இருப்பதெல்லாம் நான் சொன்னது. கையோடு எடுத்துக்கொண்டு செயலாளரிடம் போனேன்.

"என்னப்பா இது? எம் பேரு எங்க?"

"அண்ணே, நீங்க பேசுனீங்க. அவருதான எழுதுனாரு?"

"நான் பேசாம எதைய்யா எழுதுனாரு? பேக்கப்புன்னு போட்டுருக்குல்ல, அதை வாசி. சத்தமா வாசி."

வாசித்தார்: "'தோட்டத்து நாற்றை யானை மிதித்துவிட்டால் என்ன செய்வது என்று, என் மருமகன் வீட்டுக் கொல்லையிலும் கொஞ்சம் நாற்று போட்டிருக்கிறேன். அதுதான் பேக்கப்.'"

"எழுதுன வாத்தியாருக்கு ரெண்டும் பையங்க. மருமகன் எங்கிட்டிருந்து வந்தான்?"

அங்கிருந்த நாலைந்து பேரும் சிரித்துவிட்டார்கள். ஒருவர், "செயலாளரே, அந்தக் கொல்லையும் இந்தப் பெரியவரு மருமகனோடதுதான். நான் பாத்துருக்கேன்" என்றார்.

செயலாளருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "அடுத்த பதிப்புல கடைசிப் பக்கம் நன்றின்னு ஒரு வரி போட்டுருவோம்ணே. கோவிச்சுக்கிறாதீங்க."

"நன்றி சொல்ல நான் என்ன பந்தல் போட்டனா? சோலியைப் பாருப்பா" என்று வந்துவிட்டேன்.

புத்தகம் கேட்டு மலையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகப்போகிறது. அதற்குள் ஊரறியச் சொல்லிவிடுகிறேன். பிழை திருத்தியதும் வரிசைப்படுத்தியதும் பேராசிரியர்தான். அவர் பெயர் இருக்கட்டும். ஆனால் விளக்கம் என்னுடையது. அட்டையில் அவர் பெயருக்கு மேலே, அதே அளவு எழுத்தில், விளக்கியவர் என்று என் பெயரைப் போட வேண்டும். போடும்வரை தினமும் காலையில் சங்கத்துக்குப் போய் செயலாளர் எதிரில் உட்காருவேன்.