பிரிக்காத பூப்பொட்டலம்

மூச்சு பாதியில் நின்றுவிடும். அதற்குமேல் இழுத்தால் வலது விலாவில் ஆப்பு அடித்த மாதிரி தடுக்கும். போன ஆடி மாதம் எனக்கு ஆரம்பித்தது இது. செல்லாண்டியம்மனை நம்புகிறவர்கள் எல்லாரும் கேட்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கூரை வேலைக்காரர்களுக்கு ஆணி எடுத்துக் கொடுக்கப் போனவன். இன்றைக்கு நாமக்கல்லிலிருந்து எந்த ரோட்டில் போனாலும் நான் கூரை போட்ட கோழிக்கொட்டாய் ஒன்றாவது உங்கள் கண்ணில் படும். ஆஸ்பெஸ்டாஸ் சீட்டை நான் அறுத்தால் கோடு பிசகாது என்று பெயர். அந்த வெள்ளைத் தூசி மீசையில், இமையில், சோற்றுப் போசியில் எல்லாம் படியும். துண்டால் தட்டிவிட்டுச் சாப்பிடுவோம். அப்படிச் சம்பாதித்துத்தான் சொந்தக் கோழிப்பண்ணை வைத்தேன். பங்குனியில் எங்கள் குலதெய்வம் செல்லாண்டியம்மனுக்குக் காவிரியிலிருந்து தீர்த்தக்குடம் கொண்டுவரும்போது முதல் குடம் என் தலையில்தான். இத்தனை வருசத்தில் நடுவழியில் இறக்கியது கிடையாது.

அந்த ஆள்தான் ஆடியில் வாசற்படி ஏறி உட்கார்ந்து இளைத்தேன்.

சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நெஞ்சுக்குள் நீர் கட்டியிருக்கிறது என்று ஊசி போட்டு எடுத்தார்கள். மறுபடி கட்டியது. சதை எடுத்துப் பரிசோதித்துவிட்டு டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நுரையீரலைச் சுற்றியிருக்கிற சவ்வில் வரும் புற்றுநோய் என்றார். பேர் மீசோதெலியோமா. என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தூசி உள்ளே போய் உட்கார்ந்து, பல வருசம் சும்மா இருந்துவிட்டு இப்போது வேலையைக் காட்டுகிறதாம். கத்தி வைத்து எடுக்க முடியாத இடத்தில் இருக்கிறது, அடியோடு போக்க மருந்து இல்லை என்றும் மறைக்காமல் சொன்னார்.

அன்றைக்கு நானும் என் சம்சாரம் பழனியம்மாளும் வண்டியில் திரும்பினோம். வழியெல்லாம் நான் போட்ட கூரைகள். ஒவ்வொன்றையும் பார்த்தேன். பங்குனிக்கு நான் இருப்பேனா, இருந்தாலும் குடம் தூக்க மூச்சு இருக்குமா என்பதுதான் நெஞ்சில் ஓடியது.

அடுத்த தடவை டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. சிலருக்கு எப்போதும் கொடுக்கும் மருந்து. சிலருக்கு அதோடு சேர்த்து, உடம்பிலிருக்கிற எதிர்ப்புச் சக்தியையே நோய்மேல் ஏவிவிடுகிற புது மருந்து. எது நல்லது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இஷ்டமிருந்தால் சேரலாம், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெளியே வந்து, என்னைச் சோதனைக் கோழி ஆக்கப் பார்க்கிறார்கள் என்று கத்தினேன்.

பழனியம்மாள் சொன்னாள்: "புதுத் தீவனம் வந்தா ஒரு கொட்டாய்க்கு அதப் போட்டு, பக்கத்துக் கொட்டாய்க்குப் பழசையே போட்டு நீங்க பாக்கறதில்லீங்களா மாமா? கோழி என்னிக்காச்சும் உங்ககிட்டக் கோவிச்சுக்குச்சா?"

எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதுவானாலும் அம்மனிடம் பூ கேட்போம். வெள்ளைப்பூவையும் சிவப்புப்பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துப் பொட்டலமாக்கி அம்மன் காலடியில் போடுவார் பூசாரி. எதில் எது என்று தெரியாத ஒருத்தர் எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். ஆராய்ச்சியில் சேரலாமா என்று கேட்டேன். அன்றைக்குக் கும்பிட வந்த வெளியூர் அம்மா ஒருவர் எடுத்துக் கொடுத்தார். வெள்ளை.

காகிதத்தையெல்லாம் வாசித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். போட்டதும் என் புத்தியைக் காட்டினேன்.

"எனக்குப் புது மருந்துதான் வேணுங்க டாக்டரம்மா. ஆரப் புடிக்கோணும்னு மட்டும் சொல்லுங்க. மெட்ராஸ் வரைக்கும் எனக்கு ஆள் இருக்குது."

யாரையும் பிடிக்க முடியாது, கம்ப்யூட்டர்தான் பிரிக்கிறது, தனக்கே முன்கூட்டித் தெரியாது என்று அவர் சொன்னார். என் வாழ்நாளில் நான் ஆள் பிடித்து நடக்காத காரியம் இல்லை. எகிறப் பார்த்தேன். பழனியம்மாள் என் கையைப் பிடித்தாள்.

"பூப்பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்துட்டுங்களா எடுக்கச் சொன்னீங்க? கம்முனு இருங்க மாமா."

திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாரம் தினமும் கோயிலுக்குப் போனேன். வழக்கமாக நான் அம்மனிடம் கேட்பது கூரைச் சீட்டுக்கு அளவு சொல்கிற மாதிரி இருக்கும். இன்னது, இத்தனை, இந்தத் தேதிக்குள் என்று. இந்தத் தடவை அப்படிக் கேட்க வாய் வரவில்லை. "எந்தப் பொட்டலம் வந்தாலும் சரி தாயே, எடுக்கிற கை உன் கையாக இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன். எனக்கு முதன்முதலாக அழுகை வந்தது அங்கேதான்.

கம்ப்யூட்டர் பிரித்ததில் எனக்குப் புது மருந்துப் பக்கம் வந்தது.

சுலபமாகப் போகவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு, தடிப்பு. சோறு வாசமே ஆகாது. ஒரு தடவை மருந்தைத் தள்ளிப்போட்டார்கள். மருந்து ஏற்றும்போது என் பக்கத்து நாற்காலியில் ஆத்தூர்க்காரர் ஒருவர், தறிக்காரர். அவருக்குப் பழைய மருந்துதான் வந்தது. அவரும் அவர் சாமியை என்னைப் போலத்தான் கும்பிட்டார். அம்மன் எனக்குக் கொடுத்து அவரைக் கைவிட்டாள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்றைக்கும் போனில் பேசிக்கொள்கிறோம். உங்களுக்கு எப்படியுங்க என்று அவர்தான் முதலில் கேட்பார்.

தை மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி சுருங்கியிருந்தது. நீர் மறுபடி கட்டவில்லை. அடியோடு போகவில்லை, விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டரம்மா. எனக்கு அது போதும். நாளைக்கு என்னைப் போல ஒருத்தன் வந்தால் எந்த மருந்து கொடுப்பது என்று என் உடம்பைப் பார்த்தும் முடிவு செய்வார்களாம். ஐந்தாவது படித்தவன் உடம்பில் டாக்டர்கள் பாடம் படிக்கிறார்கள். இந்தப் பெருமை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

இப்போது ஆஸ்பெஸ்டாஸை நான் தொடுவதில்லை. பண்ணைக் கூரைகளை மாற்றும்போதும், உடைக்காமல், நனைத்து, முகமூடி போட்டு இறக்கச் சொல்கிறேன். சிரிக்கிறவர்களிடம் சட்டையைத் தூக்கி ஊசித் தழும்பைக் காட்டுகிறேன்.

இந்தப் பங்குனியில் காவிரியிலிருந்து நடக்க டாக்டரம்மா விடவில்லை. ஊர் எல்லையிலிருந்து எடுத்தேன். கொட்டு முழங்க முதல் குடம் என் தலையில்தான் வந்தது. இறக்கவில்லை. அம்மன் முன்னால் வைக்கும்போது மூச்சு முழுதாக உள்ளே போய் வெளியே வந்தது. பக்கத்தில் பழனியம்மாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நோய் திரும்ப வருமா என்று பூ கேட்கலாம் என நினைத்துத்தான் போயிருந்தேன். பூசாரியும் மடித்துப் போட்டார். ஒன்று எடுத்து என் கையில் கொடுத்தார்கள். பிரிக்கவில்லை. எது வந்திருந்தாலும் சரி என்று அப்படியே அம்மன் காலடியில் திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.

உங்களுக்கும் நெஞ்சை அடைக்கிற காலம் வரும் சாமி. டாக்டர் சொல்வதைத் தட்டாதீர்கள். உங்கள் தெய்வத்திடம் போய் நில்லுங்கள். அளவு சொல்லாமல் கேளுங்கள். நான் இப்படித்தான் கேட்டேன். மூச்சு விட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.